ஜவ்வாது மலையில ஒரு நைட் ஷோ!

காலேஜ் டூர்னா ஊட்டி, கொடைக்கானல், விட்டா ஏற்காடு. மாத்தி யோசிங்க பாஸ்! வாணியம்பாடியில இறங்கி, ஆலங்காயம் வழியா மலை ஏறுங்க. புளியமரமும் சாமைக் கொல்லையுமா ஓடுற பாதையில காவலூர் வந்துடும். பகல்ல பார்த்தா சாதாரண மலைக்கிராமம். ராத்திரி பார்த்தாதான், வைணு பாப்பு என்ற விஞ்ஞானி 1960-களில் நாடெல்லாம் அலசி இந்த இடத்தை ஏன் பிடிச்சார்னு புரியும். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோட தொடங்கின இடம். 1986-ல் 2.34 மீட்டர் ராட்சசனே வந்துட்டான், அதுவும் நம்ம நாட்டுலயே செஞ்சது.

அந்த வளாகத்துக்குள்ள நாம நினைச்ச நேரத்துக்கு நுழைய முடியாது. அதனால என்ன? ஆறு பேர் காசு போட்டு வாங்கின ஆறு இன்ச் டெலஸ்கோப், தெரிஞ்ச விவசாயியோட களத்துமேடு, அமாவாசையை ஒட்டின ஒரு ராத்திரி. இது போதும். காட்டுக்குள்ள மட்டும் வனத்துறை அனுமதி இல்லாம கால் வைக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில போனா மழையைத்தான் பார்க்கணும். மார்ச் மாசம் சூப்பர்.

கையில இருக்கிறது ஒரே ராத்திரி. அதுல எதைப் பார்க்கிறது, எதை விடுறது? அங்கதான் இருக்கு மேட்டர்.

நெட்ல கிடைக்கிற வெளிநாட்டு லிஸ்ட்டை அப்படியே பிரின்ட் எடுத்துட்டுப் போகாதீங்க. அது அவங்க வானம். காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 12.5 டிகிரி. துருவ நட்சத்திரமே இங்க மரக்கிளை உயரத்துலதான் நிக்கும். ஆனா தெற்கு வானம் நமக்குப் பந்தி விரிச்சு வெச்சிருக்கு. சார்லஸ் மெஸ்ஸியர் தெரியும்ல? பாரிஸ்ல உட்கார்ந்து வால்நட்சத்திரம் தேடினவர். வால்நட்சத்திரம் மாதிரி ஏமாத்துற மங்கலான பொருட்களை எல்லாம் குறிச்சு வெச்சார். அவருக்கு அது 'வேண்டாதவங்க' லிஸ்ட். இன்னிக்கு நமக்கு அதுதான் மெனு கார்டு, மொத்தம் 110. அதுல வானத்தோட மகா கொத்தான ஒமேகா சென்டாரி கிடையாது. ஏன்னா பாரிஸ்ல அது அடிவானத்துக்கு மேல வரவே வராது! நமக்கோ 30 டிகிரி உயரத்துல ஜம்முனு வரும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள், 17,000 ஒளியாண்டு தூரம். ஒரே ஒரு பொருள்தான் பார்க்கலாம்னு சொன்னா, என் ஓட்டு இதுக்குத்தான்.

வரிசைக்கு ஒரே விதி: மேற்கே மறையப் போறவங்களுக்கு முதல் மரியாதை. மார்ச் நடுவுல ஏழரைக்கு நல்லா இருட்டிடும். கார்த்திகைக் கூட்டம், திருவாதிரைக்குக் கீழே ஓரியன் நெபுலா (எம்42), ரெண்டையும் முதல்ல முடிச்சிடுங்க. அப்புறம் கடகத்துல பூசம் (எம்44). சிம்மத்து மூணு கேலக்ஸிகள், அதாவது எம்65, எம்66, என்ஜிசி 3628, நள்ளிரவு வாக்குல நேர் உச்சிக்கு வந்துடும். டாப்சோனியன் வெச்சிருந்தா உச்சியில திருப்பறதுக்குள்ள கழுத்து சுளுக்கிடும். பத்து மணிக்கே பிடிச்சிடுங்க. 11 மணிக்கு தெற்கே தாழ்வா ஈட்டா கரினா நெபுலா. ரெண்டு மணிக்கு நம்ம ஹீரோ ஒமேகா. அவருக்குக் கொஞ்சம் மேலேயே சென்டாரஸ் ஏ கேலக்ஸி. ஒரே பஸ்ல ரெண்டு ஸ்டாப்பிங்!

ஒளி அளவு எண்ணை மட்டும் நம்பினா கவுந்துடுவீங்க. எம்101 கேலக்ஸிக்கு 7.9, எம்104-க்கு 8.0. எண் குறைஞ்சா பிரகாசம் அதிகம்னு படிச்சிருப்பீங்க. ஆனா எம்104 பளிச்னு சிக்கும், எம்101 தண்ணி காட்டும். ஒரு ஸ்பூன் நெய்யை மினி இட்லியில ஊத்துறதுக்கும் ஃபேமிலி ரோஸ்ட்ல தடவுறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். எம்101-ல அதே வெளிச்சம் ரொம்பப் பெரிய பரப்புல பரவிடுது. அதனால லிஸ்ட் போடும்போது பொருளோட அகலத்தையும் பக்கத்துல எழுதுங்க.

110-ஐயும் ஒரே ராத்திரியில பார்க்கிற 'மாரத்தான்' ஒண்ணு உண்டு. முதல் தடவையே அதுல குதிக்காதீங்க. ஆளுக்கு பத்து செகண்ட் எட்டிப் பார்த்துட்டு டிக் அடிக்கிறதுக்கு வீட்லயே தூங்கலாம். பன்னிரண்டு பொருள் போதும், ஒவ்வொண்ணுக்கும் அரை மணி நேரம்.

ஏன் அவ்ளோ நேரம்? போட்டோவுல பார்த்த பிங்க்கும் நீலமும் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் கலர்ல ஊதிவிட்ட புகை மாதிரிதான் தெரியும். 'இதுக்கா இவ்ளோ தூரம்?'னு யாராச்சும் ஒருத்தர் கண்டிப்பா கேட்பாங்க. அவங்களை இன்னும் அஞ்சு நிமிஷம் அங்கேயே நிக்க வைங்க. எக்ஸாம் ஹால்ல பக்கத்து பேப்பரைப் பார்க்கிற அதே ஓரக்கண் டெக்னிக்தான்! மங்கலான வெளிச்சத்தை உணர்ற செல்கள் கண்ணோட நடுவுல இல்ல, சுத்திதான் இருக்கு. நேரா முறைச்சா காணாமப் போற எம்66, கொஞ்சம் தள்ளிப் பார்த்தா மெல்ல எழுந்து வரும். அந்த வெளிச்சம் கிளம்பி மூணு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா?

இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாகும். ஒருத்தர் மொபைலை எடுத்து மெசேஜ் பார்த்தா ஆறு பேருக்கும் ஆட்டம் குளோஸ், மறுபடி முதல்ல இருந்து. டார்ச்சுக்கு சிவப்பு கண்ணாடித்தாள் சுத்துங்க. வண்டி ஹெட்லைட்டை மலைப்பக்கம் அடிக்காதீங்க. அங்க ஒரு பெரிய டெலஸ்கோப்பும் வேலை பார்த்துட்டு இருக்கும்.

நாலு மணிக்கு தென்கிழக்குல தேள் முழுசா ஏறி நிக்கும். அதன் கொடுக்குப் பக்கத்துல எம்7, வெறும் கண்ணுக்கே தெரியும். லிஸ்ட்ல கடைசி ஐட்டமா அதைப் போட்டுக்குங்க, அதுக்குள்ள பாதிப் பேர் தூங்கியிருப்பாங்க. மீதிப் பேருக்கு ஃப்ளாஸ்க்ல டீ மிச்சம் வெச்சிருக்கணும், அதையும் பிளான்ல எழுதிடுங்க.