மத்தியானக் கும்மி

பரமத்தி வேலூரில் அக்கா மகளுக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம், சாயங்காலம் ஆறு மணிக்கு. எனக்குக் கிடைத்த பஸ் காலை ஒன்பதுக்கே கொண்டுவந்து இறக்கிவிட்டது. காவிரியில் ஒரு முழுக்கு, கரையோரக் கடையில் நாலு இட்லி. அதற்கு மேல் போக்கிடமில்லை. கடைசி ஒத்திகை நடக்கிறது என்றார்கள். களத்துக்குப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன்.

களத்தைச் சுற்றித் தென்னை, அதைத் தாண்டி வெற்றிலைக் கொடிக்கால். ஆட வந்த நாற்பது பேரில் பாதிப்பேர் அங்கே வெற்றிலை கிள்ளுகிறவர்கள். 100 வெற்றிலை ஒரு கவுளி, 104 கவுளி ஒரு சுமை என்று பகலெல்லாம் எண்ணிய விரல்கள்தான் இரண்டு மாதமாக ராத்திரியில் கும்மி பழகியிருந்தன.

மைக் இல்லை. வாத்தியார் வெறும் தொண்டையில் அடியெடுத்துக் கொடுக்க, பெண்கள் வாங்கிப் பாடியபடியே வட்டம் சுற்றினார்கள். குனிந்து தட்டும்போது மொத்தென்று ஒரு சத்தம், பாதியை மண் வாங்கிக்கொண்டதுபோல. நிமிர்ந்து தட்டும்போது பளீரென்று வேறு சத்தம். கிழவனாக வந்த முருகன் தினைமாவு தின்று விக்கி, தண்ணீர் கேட்கிற இடத்தில் ஒரு சின்னப்பெண் சிரித்து அடியைத் தவறவிட்டாள். வாத்தியார் பாட்டை நிறுத்தினார். “கிழவனப் பாத்து வள்ளி சிரிக்கோணும் அம்மிணி, நீ சிரிக்கப்படாது.” பிறகு நாற்பது பேரும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது.

“எங்க காலத்துல ஆம்பளைங்க மட்டுந்தான் ஆடுவாங்க கண்ணு. நாங்க ஓரமா நின்னு பாக்கறதோட சரி” என்றார் பக்கத்தில் இருந்த அம்மாயி. அந்த ஓரத்திலிருந்து பெண்களை வட்டத்துக்குள் கூட்டிவந்தவர்களில் மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயா முக்கியமானவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. அதே ஆண்டு பெருந்துறையில் 16,000 பேர் ஒன்றாக ஆடிக் கின்னஸில் ஏறினார்கள். அவ்வளவு பேர் ஆடினால் யார் கை எங்கே தட்டுகிறது என்று யாருக்குக் கேட்கும்?

சாயங்காலம் எல்லாமே பெரிதாகிவிட்டது. ஒரே நிறச் சேலை, தலைக்கு மேல் ட்ரோன், ஆளுயர ஸ்பீக்கர்கள். பொன்னாடைகளுக்கே ஒரு மணி நேரம் போனது. சில ஊர் மேடைகளில் கும்மிக்கு நடுவே, சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கிய கூத்தும் நடந்திருக்கிறது. வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணை முருகன் தேடிவந்து கட்டிக்கொண்ட கதையைப் பாடிக்கொண்டே! நல்லவேளை, இங்கே அது இல்லை.

ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்தியானம் தவறவிட்ட அடியைச் சின்னப்பெண் சரியாக வைத்தாள். ஆனால் நாற்பது ஜோடிக் கைகள் தட்டியும் ஒரு தட்டுகூட என் காதுக்கு வரவில்லை. ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அக்கா மகள் வேர்வையோடு ஓடிவந்தாள். “எப்படி மாமா இருந்துச்சு?”

“மத்தியானம் ரொம்ப நல்லா இருந்துச்சு.”

முறைத்தாள். உள்ளங்கை இரண்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

கொங்குப் பக்கம் கும்மி அரங்கேற்றத்துக்கு உங்களுக்கு அழைப்பு வந்தால், அதில் ஆறு மணி என்றுதான் போட்டிருப்பார்கள். ஒத்திகை எந்தக் களத்தில் என்று விசாரித்துக்கொண்டு இரண்டு மணிக்கே போய்விடுங்கள்.