துணைக்கு யார்?

மருத்துவத் துறையின் அறிக்கைகளில் ‘அணுகல்’ என்றொரு சொல் அடிக்கடி தென்படுகிறது. நோயாளிக்கு மருத்துவம் எட்டும்படி செய்தல் என்று பொருள் கொள்ளலாம். படுக்கைகளின் எண்ணிக்கை, ஆயிரம் பேருக்கு எத்தனை மருத்துவர், காப்பீட்டு அட்டை, தொலைமருத்துவம் என்று அதன்கீழ் அடுக்கப்படுபவை யாவும் மருத்துவமனை வாசலில் நின்று வெளியே பார்க்கிறவர்களின் கணக்குகள். எங்கள் ஊர்ப்பக்கத்தில் கணக்கு மறுமுனையிலிருந்து தொடங்கும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றதும் எழும் முதற்கேள்வி எந்த டாக்டர் என்பதோ எவ்வளவு ஆகும் என்பதோ அன்று. ‘தொணைக்கு யாரு போறது?’ என்பதுதான்.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே மானாவாரிக் கரிசல் கிராமமொன்றில் வளர்ந்தவர்கள். எண்பதுகளின் இறுதியில் எங்கள் அப்பத்தாவுக்கு இரு கண்களிலும் புரை விழுந்தது. வத்தலில் சோடை பிரிப்பதைக் கைத்தடவலிலேயே செய்வார். எங்கள் மூவரையும் காலடிச் சத்தத்தைக் கொண்டு பெயர் சொல்லி அழைப்பார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பரிசோதனை இலவசம், ஆபரேஷன், சாப்பாடு, மதுரைக்குப் போய்வரும் பஸ் எல்லாமே இலவசம். ஆனால் அது பருத்தி எடுப்புக் காலம். அப்பா வெளியூரில் வேலையாக இருந்தார். அம்மா கூடப் போனால் மூன்று நாள் கூலி போகும். ஆடுகளைப் பார்க்க ஆளில்லை. எங்களுக்குச் சோறாக்கவும் ஆளில்லை. கண் தெரியாத கிழவியைத் தனியே அனுப்புவதும் ஊர் ஒப்பாத காரியம். ‘அடுத்த வருசம் பாத்துக்கிடலாம் ஆத்தா’ என்றார் அப்பா, கடிதத்தில். அடுத்த வருடமும் பருத்தி வெடித்த அதே மாதத்தில்தான் முகாம் வந்தது.

அந்த இடைவெளியில் இடக்கண்ணில் புரை முற்றிப்போய், கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, ஓரிரவு முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். டவுன் டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கண் இனி வராது என்றார்.

இலவசம் என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு எதிராகப் பின்னாளில் எங்களுக்கு ஓர் ஆய்வு வாசிக்கக் கிடைத்தது. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தப்பட்டு 1999 இல் வெளியானது. முகாம் நடந்த பகுதிகளில் கண் கோளாறு இருந்த பெரியவர்களுள் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு என்று அது கண்டது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் பயமும் செலவும் குடும்பப் பொறுப்பும் இருந்தன. வயதானால் இப்படித்தான், இருக்கிற பார்வை போதும் என்ற சமாதானமும் இருந்தது. இந்தக் கடைசிக் காரணத்தை அறியாமை என்று வகைப்படுத்துவோர் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. துணைக்கு ஆள் கேட்டு மகனையும் மருமகளையும் சங்கடப்படுத்த விரும்பாத முதியவர்கள் ‘எனக்கு இது போதும்ப்பா’ என்பதைத்தான் சொல்வார்கள். அப்பத்தாவும் இரண்டு வருடங்களும் அதையே சொன்னார்.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976 இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கதை வாசகர்கள் அறிந்ததே. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவைசிகிச்சை பழகியவர். மெக்டொனால்டு உணவகங்களின் ஒழுங்கை அவர் வியந்து பேசியதை மேலாண்மைப் பள்ளிகள் பிடித்துக்கொண்டன; ஒரு மேசையில் அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பதைப் படம் போட்டு விளக்கின. 1992 இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், நூறு டாலரை ஒட்டி விற்ற கண்ணுள் லென்சைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது. எல்லாம் மெய்யே. ஆயினும் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அறுவை அரங்கில் இல்லை, பஸ்ஸில் இருந்தது என்பது எங்கள் எண்ணம். முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே வட்டாரத்துக்காரர்கள் ஒன்றாகப் பஸ் ஏறி, ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒன்றாகத் திரும்பினார்கள். ஆளுக்கு ஆள் துணை. மூன்றாம் வருடம் எங்கள் தெருவிலிருந்து மூன்று பெண்கள் பெயர் கொடுத்த பிறகே அப்பத்தாவும் கிளம்பினார். அம்மா ஒருநாள் கூலியைக்கூட இழக்கவில்லை. கட்டுப் பிரித்துத் திரும்பிவந்தவர் வாசலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துச் சொன்னது: ‘ஏத்தா, இம்புட்டு ஒட்டடையோடயா குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்தோம்?’

நிற்க. முகாம் வருடத்துக்கு ஒருமுறை வருவது; கண் வருடம் முழுவதும் மங்குவது. இதை உணர்ந்துதான் 2000களின் முற்பாதியிலிருந்து அரவிந்த், சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. இன்று அவை நூறைத் தாண்டிவிட்டன. கடைத்தெருவில் இரண்டு மூன்று அறைகள். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் எடுத்து இரண்டாண்டு பயிற்றுவிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கருவியில் கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் தொலைவிலிருந்து திரையில் தோன்றி நோயாளியோடு பேசுவார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே வாங்கலாம். தேனி வட்டாரத்தில் இணைய வசதி சரியாக இல்லாத நாட்களில், பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து கோபுரங்களில் ஆண்டெனா பொருத்தி நெடுந்தொலைவு வை-ஃபை இணைப்பு அமைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பத்தின் சாதனை என்றுதான் இது எழுதப்படுகிறது. எங்கள் பார்வையில் அது செய்த வேலை எளியது: துணை தேவைப்படாத தூரத்துக்கு மருத்துவத்தை நகர்த்தியது. சந்தைக்குத் தனியாகப் போய்வருகிற பெண் அங்கும் தனியாகப் போய்வருவாள்.

இதே கணக்கில் பார்த்தால், மருத்துவம் என்ற தலைப்பில் எவரும் சேர்க்காத ஒன்றையும் சேர்க்கவேண்டியிருக்கிறது. 2021 மே மாதம் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. ‘பஸ்ஸுக்குக் காசு கொடு’ என்று கேட்கவேண்டியிராத கிழவிக்குத் தன் நோவை முதலில் வீட்டில் ஒருவரிடம் நிரூபிக்கவேண்டிய கட்டாயமும் இல்லாமற்போகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது.

ஆனால் தொழிலின் இன்றைய நாட்டம் வேறு திசையில் இருக்கிறது. முன்பதிவு கைபேசிச் செயலியில். சீட்டு வரிசைக்குப் பதிலாகச் சுவரில் ஒட்டிய கட்டக் குறியீடு. பரிசோதனை முடிவு வாட்ஸப்பில். வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்கிறார்கள், மிச்சம்தான். சென்ற ஆண்டு நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் எங்கள் பெரியம்மாவை, செயலியில் பதிவு செய்யாமல் வந்தார் என்று மதியம்வரை உட்காரவைத்தார்கள். பதிவு செய்ய ஓர் எண் வேண்டும், அந்த எண்ணுக்கு வரும் கடவுக்குறியைப் படித்துச் சொல்ல ஒரு பேரன் வேண்டும். அவன் கல்லூரியிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். பஸ்ஸில் ஒழிந்த துணை, திரையில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. முடியாதென்று எண்ணவேண்டியதில்லை, பார்வை மையத்திலும் திரை இருக்கத்தான் செய்கிறது, அதை இயக்குகிற பெண் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டுமே வித்தியாசம். ஆனால் அவளுக்குச் சம்பளம் தரவேண்டும். செயலிக்குத் தரவேண்டியதில்லை. பேரனுக்கும் தரவேண்டியதில்லை.

எங்கள் அம்மாவுக்கு இப்போது எழுபதைக் கடந்துவிட்டது. மாத்திரை வீட்டுக்கே வரத் தொடங்கியபோது நாங்கள் மூவரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம், ஏதோ நாங்களே கொண்டுபோய்க் கொடுத்ததுபோல. அம்மாவுக்கு அதில் பாதி மனம்தான். மாதமொருமுறை ஆஸ்பத்திரி என்று சொல்லி டவுனுக்குப் போய், வரிசையில் நாலு ஊர்க்காரிகளோடு பேசி, வரும்வழியில் பூவும் சேவும் வாங்கிவரும் சாக்குப் போய்விட்டதாம். மாத்திரை கொண்டுவரும் பெண்ணை வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்து அரைமணி நேரம் பிடித்துவைத்துக்கொள்கிறார். அவளுக்கு அந்தத் தெருவில் இன்னும் நிறைய வீடுகள் இருக்கின்றன.