இடம்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தும் உருண்டை இல்லை. இரு முனையும் கூம்பிய ஒரு தோல் காய். பதினொருவர் கொண்ட இரண்டு அணிகள் எதிரெதிரே குனிந்து நிற்கின்றன. நடுவில் இருப்பவன் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தள்ளுகிறான். அதை வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். வாங்கிய பிறகு அவனுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. தன்னைச் சாய்க்க வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் யார் இன்னும் சற்று நேரத்தில் தனித்து நிற்பான் என்று கணித்து, இப்போது ஆளில்லாத, ஆள் வந்து சேரப்போகிற இடத்துக்குப் பந்தை எறிய வேண்டும். மற்றவர்கள் உடம்பு, இவன் மூளை. அந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்லிக்கொள்ளும் புராணம் இது.

எனக்கு அக்கறை இந்தப் புராணத்தில்தான், ஆட்டத்தில் இல்லை. ஆட்டத்தை இரண்டொரு முறை தொலைக்காட்சியில் பார்த்தேன். ஸ்டேஷன்தோறும் நின்று போகும் பாசஞ்சர் வண்டி மாதிரி இருந்தது. இங்கே அதைப் பதியம் போடவும் முயன்றார்கள். எலீட் புட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஒன்றை அறிவித்து, 2012இல் கொழும்பில் ஆட்டங்கள் நடத்திப் படம் பிடித்தார்கள். பதியம் வேர் பிடிக்கவில்லை.

கல்லூரியிலிருந்து தொழில்முறை லீகுக்குப் போக அங்கே இருக்கும் பெரிய வாசலுக்கு டிராஃப்ட் என்று பெயர். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் அறையில் ஆரம்பித்தது. முந்தின பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு. அணி ஆளைத் தேர்ந்தெடுக்கும். ஆள் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. முதல் டிராஃப்டில் முதல் பெயராக வந்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கேட்ட சம்பளம் கிடைக்காததால் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலைக்குப் போனார். அப்போது பந்தைவிட ரப்பர் நிச்சயமான பிழைப்பு.

இப்போது நிலைமை வேறு. ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் மாணவர்களை நிறுத்தி உயரம், எடை, உள்ளங்கை விரிவு, நாற்பது கெஜம் ஓடும் நேரம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். இவ்வளவு அளந்தும் டாம் பிரேடி 2000இல் 199ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். பிராக் பர்டி 2022இல் 262ஆவது, அதாவது அந்த ஆண்டின் கடைசிப் பெயர். 2024 பிப்ரவரியில் அவர் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் பந்தை எறிந்துகொண்டிருந்தார். அளவுகோல் தவறிப்போன கதைகளைச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். அளக்காமலே விட்ட கதை ஒன்று இருக்கிறது. அது அவ்வளவு சந்தோஷமானது இல்லை.

வாரன் மூன் கறுப்பர். பள்ளியில் குவார்ட்டர்பேக். கல்லூரிகள் அவரைக் கூப்பிட்டன. ஆனால் வேறு இடத்தில் ஆடச் சொல்லி. ஓடு, பிடி, தடு, எது வேண்டுமானாலும் செய், எறிவதை மட்டும் விட்டுவிடு. அவர் விடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சிறு கல்லூரியில் சேர்ந்து ஆடி, பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகம் போனார். 1978 ஜனவரியில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் மிஷிகனை 27-20 என்று ஜெயித்து, அதன் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். அந்த ஆண்டு டிராஃப்டில் பன்னிரண்டு சுற்று. ஒரு சுற்றிலும் அவர் பெயர் இல்லை. தன்னை எறிகிறவனாக யாரும் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்து அவர் முன்பே கனடாவின் எட்மன்டன் அணியில் சேர்ந்துவிட்டார். 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த அணி கனடாவின் கிரே கோப்பையை வென்றது. அதன் பிறகுதான், 1984இல், ஹூஸ்டன் அவரை அமெரிக்க லீகுக்கு அழைத்துக்கொண்டது. 2006இல் அந்த ஆட்டத்தின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார். குவார்ட்டர்பேக்காக அதில் நுழைந்த முதல் கறுப்பர் அவர்.

அதே 1978 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பர் குவார்ட்டர்பேக்காக எடுக்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். 1988 ஜனவரியில் அவர் வாஷிங்டன் அணிக்காக சூப்பர் பௌலை 42-10 என்று வென்றார். விதிவிலக்கு விதியை உடைத்துவிடுவதில்லை என்பதற்கு அடுத்த தேதி சாட்சி: இறுதி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் கறுப்பர்கள் எறிந்தது முதன்முதலாக 2023 பிப்ரவரியில்.

யாரும் அவர்களுக்கு ஆடத் தெரியாது என்று சொல்லவில்லை. இது முக்கியம். வேகம் உண்டு, பலம் உண்டு, துணிச்சல் உண்டு என்று பாராட்டினார்கள். பாராட்டிக்கொண்டே இடத்தை மாற்றினார்கள். விலக்கி வைப்பதைவிடப் பழுதில்லாத ஏற்பாடு இது. உள்ளே விட்டாயிற்று, எங்கே நிற்பது என்பதை மட்டும் நாங்கள் சொல்வோம்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. கபடி நினைவுக்கு வந்தது.

நம்மிடம் டிராஃப்ட் இருந்ததில்லை. வேலைதான் இருந்தது. ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம், ஆலைகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அணி. ஊர்ப் போட்டியில் கண்ணில் பட்டு, கல்லூரிக்காக ஆடி, பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்துவிட்டால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நாற்காலி. அங்கே லீக் ஒரு வேலை. இங்கே வேலைதான் லீக். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் மின்வாரியத்து ஆட்டக்காரர். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' 2025இல் வந்தது. ஊருக்கும் மைதானத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் எவ்வளவு என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்ததும் வேலைக்குப் பதில் ஏலம் வந்தது. முதல் ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார். பாட்னா கொடுத்தது 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அவரும் ரயில்வே ஊழியர்தான். எட்டு ஆண்டில், 2022இல், தமிழ் தலைவாஸ் பவன் செராவத்துக்கு 2 கோடியே 26 லட்சத்துக்கு மேல் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுதும் ஆடவில்லை. முழங்காலுக்கு விலை தெரியாது.

விலை ஏறியிருக்கிறது. மூச்சுக்குப் பதில் முப்பது விநாடி கடிகாரம் வந்திருக்கிறது. களிமண் தரை மேட் ஆகியிருக்கிறது. ஆனால் இடங்களின் வரிசை மாறவில்லை. பாடிப் போகிறவனுக்குத்தான் விளக்கு. அவன் ஒருவன், எதிரே ஏழு பேர். பார்க்கிறவர்கள் கண் அவன் மேல். பாடிப் போகிறவன் பெயர் மைக்கில் வரும். பிடிக்கிறவனுக்கு முழங்கால் தேயும்.

பொன்னேரியில் என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் பிடிக்கிறவன். இடது மூலை. கவரைப்பேட்டைக்கு மேற்கே அவன் கிராமம். ஊரும் காலனியும் சேர்ந்து ஆடுவது பொங்கல் போட்டிக்கு மட்டும். அதிலும் பாடிப் போவது ஊர்ப் பையன்கள். காலனிப் பையன்கள் பிடிக்கலாம். எந்த ஊர்க் கூட்டத்திலும் இப்படித் தீர்மானம் போடவில்லை, போடவேண்டிய அவசியமும் இல்லை. தொடுவதற்கே புள்ளி கொடுக்கிற ஒரு ஆட்டத்தில், யார் போய்த் தொடுவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

கல்லூரியில் அவன் பாடிப் போக ஆரம்பித்தான். நன்றாகவே போனான். நீளமான கை, அவசரமில்லாத கால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் தனக்கென்று அணி கட்டியபோது, தேர்வுக்குப் போனான். ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னான். எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னான். நீ மூலையில் நில்லுப்பா, உனக்கு அதுதான் பொருத்தம் என்றார்கள். நின்றான். வேலை கிடைத்தது, காண்ட்ராக்டில், ஹெல்ப்பராக. இரண்டு வருஷத்தில் நிர்வாகத்துக்குக் கபடியில் ஆர்வம் போய்விட்டது. அணி கலைந்தது. ஆட்டக்காரர்கள் அவரவர் ஷிப்டுக்குத் திரும்பினார்கள்.

அவன் திரும்பிய இடத்தைச் சொல்ல வேண்டும். பர்னஸிலிருந்து வரும் இரும்பு உருளைகளுக்கிடையே நுழைந்து, மறுபக்கம் செந்நிறக் கம்பியாக நீண்டு வெளியே வரும். கையால் ஓட்டும் மில்களில் மறுபக்கம் இடுக்கியோடு ஒருவன் நிற்பான். வருகிற கம்பியின் தலையைப் பிடித்துத் திருப்பி, அடுத்த காடியில் செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பி மெலிந்து, நீண்டு, வேகமாக வரும். பிடி நழுவினால் காலைச் சுற்றிக்கொள்ளும். கம்பி வெளியே வந்த பிறகு அது எங்கே வருகிறது என்று பார்த்துப் பிடிக்க முடியாது. வரப்போகும் இடத்தில் இடுக்கி முன்பே இருக்க வேண்டும். அவன் அதைப் பதினெட்டு வருஷம் செய்தான். அதே மில்லின் டைம் ஆபீசில் நான் வைத்திருந்த பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த சொல், அன்ஸ்கில்டு.

பிறகு புரோ கபடி வந்தது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அதை வைப்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சிப்காட்டில் வேலை செய்யும் பையன்கள் பாட்னா ஆடும்போது கூடுவார்கள். அவனும் வருவான். பாடிப் போகிறவனை அவன் பார்ப்பதே இல்லை என்பதைக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். மூலையைத்தான் பார்ப்பான்.

"அவன் கால பாக்கறான் பாரு, கோட்ட வுடப்போறான்" என்பான். கோட்டை விடுவான். ஒருநாள், வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"இடுப்பு. காலு பொய் சொல்லும்டா, கையும் சொல்லும். இடுப்பு சொல்லாது. அது எந்தப் பக்கம் திரும்புதோ அங்கதான் அவன் போயாவணும். நான் அங்க போயி நின்னுக்குவேன்."

இதைத்தான் அமெரிக்கர்கள் குவார்ட்டர்பேக்கின் மூளை என்று புராணம் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஆளில்லாத, ஆள் வந்து சேரப்போகிற இடம்.

மூனின் கதையை வெற்றிக் கதையாகச் சொல்லிவிடுவதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். கறுப்பனாலும் யோசிக்க முடியும் என்று அவர் நிரூபித்ததாகச் சொல்கிறார்கள். நிரூபித்தார், சரி. ஆனால் யோசனை என்பது அந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் யாரை நிற்கவைப்பது என்பதில்தான் திருத்தம் வந்தது. மூனைப் போல் கனடாவுக்குப் போக வழியில்லாமல், சொன்ன இடத்துக்கு மாறி நின்று, அங்கே பிடித்தும் தடுத்தும் ஓடியும் காலம் கழித்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் அங்கே யோசிக்கவில்லையா? யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புராணம் கெட்டுப்போகும்.

நம் பக்கங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. 1990களில் தலித் எழுத்து தமிழில் வரத் தொடங்கியபோது நம் விமர்சகர்கள் அதை வரவேற்றார்கள். வீரியம் என்றார்கள், ரத்தமும் சதையும் என்றார்கள், அசலான அனுபவம் என்றார்கள். அதே மூச்சில், வடிவம் இன்னும் கூடி வரவில்லை என்றார்கள்; தத்துவ விசாரம் இல்லை என்றார்கள். இன்றும் மதிப்புரைகளில் அந்தச் சொற்கள் வருகின்றன. அனுபவம் அவர்களிடம், சிந்தனை நம்மிடம். வேகம் உண்டு, பலம் உண்டு, துணிச்சல் உண்டு. மூலையில் நில்லுப்பா, உனக்கு அதுதான் பொருத்தம்.

ஒரு பிரதியில் சிந்தனை எந்த இடத்தில் நடக்கிறது என்று தேடத் தெரியாத விமர்சகன், தனக்குப் பழக்கமான இடத்தில் அது இல்லை என்று கண்டு, சிந்தனையே இல்லை என்று எழுதிவிடுகிறான். விசாரம் வாக்கியத்தில் தலைநீட்டினால்தான் அவனுக்குத் தெரியும். ஒரு கிழவி எந்தப் படியில் உட்காருவது, எந்தப் படியில் உட்காராமல் இருப்பது என்று தேர்ந்தெடுப்பதில் அது நடந்து முடிந்துவிட்டிருந்தால் அவனுக்குத் தெரியாது. அவன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நல்ல எழுத்தாளர்கள் மூனைப் போல் கனடா போய்ப் பேர் வாங்கித் திரும்புவார்கள். மொழிபெயர்ப்பில், வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்தில், ஏதோ ஒரு விருதுப் பட்டியலில். பிறகு நாமும் புகழ்க்கூடத்தைத் திறந்துவிடுவோம். அதில் கஷ்டமில்லை. இடுப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம்.