ஒரு சோடி ஸ்பீக்கரும் உம்மும்மாவின் காதும்

எங்கள் வீட்டில் ஐந்து பேர், நாலு போன். பாட்டுக் கேட்பது என்றால் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு ஹெட்செட். உம்மும்மாவிடம் மட்டும் போனும் இல்லை, ஹெட்செட்டும் இல்லை. ஒருநாள் மாட்டிவிட்டுப் பார்த்தோம். "காதுக்குள்ள எறும்பு பூந்த மாதிரி இருக்கு, கழட்டு" என்று சொல்லிவிட்டா.

அவவின் றேடியோ எருக்கலம்பிட்டியில் நின்றுபோனது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவில் இருந்து வந்த பலரைப் போல எங்கள் குடும்பமும் வள்ளத்தில்தான் கற்பிட்டிக்கு வந்து இறங்கியது. பிள்ளைகள் வந்தார்கள், ஒரு உடுப்புப் பொதி வந்தது, றேடியோ வரவில்லை. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் நாகூர் ஹனீபாவைக் கேட்ட கதையை அவ சொல்லும்போது அந்த றேடியோவும் ஒரு சொந்தக்காரர் மாதிரித்தான் கதைக்குள் வரும். பிறகு வீட்டுக்கு வந்த றேடியோ ஒன்றையும் அவ கணக்கில் எடுக்கவில்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், நாங்கள் இரண்டு பேரும் ஹை-ஃபை செட் ஒன்று கட்டத் தொடங்கியது அவவுக்காக இல்லை. எங்களுக்காக. டியூஷன் கொடுத்த காசு, லீவுக்குக் கருவாட்டு வாடியில் நின்ற காசு, எல்லாம் சேர்த்து 50,000 ரூபா. யூடியூப் ரிவியூக்களைப் பார்த்தால் அந்தக் காசுக்கு ஒரு வயர் கூட வராது போல இருந்தது. ஆனால் கணக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. நாலு சாமான்தான் வேண்டும்: பாட்டு இருக்க ஒரு இடம், அந்தப் பாட்டின் இலக்கங்களை மின்னலையாக மாற்ற ஒரு டி.ஏ.சி., அதைப் பெருப்பிக்க ஒரு அம்ப்ளிஃபயர், பிறகு ஒரு சோடி ஸ்பீக்கர்.

பாட்டு இருக்க எங்கள் பழைய லெப்டொப் போதும். டி.ஏ.சி. விரல் அளவான ஒரு யூ.எஸ்.பி. துண்டு, 4,000 ரூபா. அம்ப்ளிஃபயர் டி.பி.ஏ. 3116 என்ற சிப்பில் ஓடும் சின்னப் பெட்டி, 11,000. செத்துப்போன இன்னொரு லெப்டொப்பின் 19 வோல்ட் சார்ஜரே அதற்குக் கரண்ட் கொடுத்தது. மிச்சத்தில் பெரும்பகுதியை, 24,000 ரூபாவை, பாவித்த ஜப்பான் ஸ்பீக்கர் சோடிக்குப் போட்டோம். அது சரியான முடிவு என்றுதான் இப்பவும் நினைக்கிறோம். மலிவான டி.ஏ.சி.க்கும் விலைகூடின டி.ஏ.சி.க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்க நாங்கள் காதைத் தீட்ட வேண்டும். ஸ்பீக்கரின் வித்தியாசம் குசினிக்குள் நிற்கிற உம்மாவுக்கே விளங்கும்.

பாட்டு விசயத்தில் ஒரு பிழை விட்டோம். சீடி தரம் என்றால் 16 பிட், 44.1 கிலோஹேட்ஸ், ஒரு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10 எம்.பி. ஃப்ளாக் அதையே ஒரு துளி குறையாமல் சுருக்கி வைக்கும். எம்.பி.3 சுருக்கும்போது ஒரு பகுதியை எறிந்துவிடும். நாங்கள் என்ன செய்தோம் என்றால், கையில் இருந்த எம்.பி.3 எல்லாவற்றையும் ஒரு இரவு முழுக்க இருந்து ஃப்ளாக்காக மாற்றினோம். ஃபைல் பெருத்தது, பாட்டு அப்படியே இருந்தது. கருவாட்டைத் தண்ணியில் ஊறப் போட்டால் மீனாகுமா?

அடுத்த பாடம் ஸ்பீக்கரிலேயே இருந்தது. வந்து இரண்டாம் நாள் வூஃபரைச் சுற்றியிருந்த ஸ்பொஞ்சு விளிம்பு விரல் பட்டதும் பொடிந்து கொட்டியது. பழைய ஸ்பீக்கர்களில் இது நடக்கும், வாங்க முதல் மூடியைக் கழட்டிப் பார்த்திருக்க வேண்டும். றேடியோ திருத்துகிற நானா ஒருவர் 3,500 ரூபாவுக்குப் புது விளிம்பு ஒட்டித் தந்தார். கொண்டுவந்து பூட்டினால் பேஸ் காணவே இல்லை! பாடுகிறவர் நடுவில் நிற்காமல் வீடு முழுக்க அலைந்துகொண்டிருந்தார். திரும்ப நானாவிடம் ஓடினோம். அவர் சிரித்துவிட்டு ஒரு 1.5 வோல்ட் பற்றறியைத் தந்தார். "நேர்முனைய சிவப்பில தொடுங்க. கூம்பு வெளிய வந்தா சரி, உள்ள போனா மாறிக் கிடக்கு." வந்து தொட்டுப் பார்த்தோம், இரண்டும் வெளியே வந்தன. அப்போ பிழை எங்கள் வயரில். ஒரே நிறத்தில் இரண்டு கம்பி. ஒரு பக்கம் மாற்றிப் பூட்டியிருந்தோம். ஒரு கூம்பு தள்ள மற்றது இழுக்க, பேஸ் ஒன்றையொன்று தின்றுவிட்டது.

மாற்றிப் பூட்டிய அன்று வீடு அதிர்ந்தது. சந்தோசத்தில் உம்மும்மாவைக் கூப்பிட்டு இருத்தி, ஹனீபாவின் பாட்டொன்றைப் போட்டோம். கொஞ்ச நேரம் கேட்டா. "சத்தம் நல்லாக் கேக்குது புள்ள. என்ன சொல்றாரு எண்டுதான் விளங்கல்ல."

அந்த ஒரு சொல்லில் எங்கள் 40,000 சொச்சமும் கீழே விழுந்தது.

வயது போகும்போது காதில் முதலில் குறைவது உச்ச ஒலிகள். 'ச', 'த', 'ப' போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் ஒலியில் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வொலியூமைக் கூட்டினால் உயிர் எழுத்துகள் உரத்துக் கேட்கும், சொல் பிரியாது. பேஸ் அதிகமானால் அதுவும் சேர்ந்து சொல்லை மூடும். எங்கள் முன்னறையோ சீமெந்துச் சுவரும் தகரக் கூரையும். ஒரு சொல் முடிய முன்னம் அதன் எதிரொலி அடுத்த சொல்லில் ஏறிவிடும்.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. மத்திய அலை வானொலியில் 5 கிலோஹேட்ஸுக்கு மேலான ஒலி பெரிதாக வருவதே இல்லை. எங்கள் செட் அதைப்போல நாலு மடங்கு உயரம் வரை போகும். ஆனால் அந்தப் பழைய றேடியோ அவவின் கைக்கெட்டும் தூரத்தில், குரலை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்து வைத்தது. அவவுக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு செய்த வேலைகளுக்குக் காசு போகவில்லை. எதிர்ச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தோம். ஸ்பீக்கர்களை மூலையில் இருந்து இழுத்து, சாய்மனைக் கதிரைக்குக் கிட்ட, அவவின் காது உயரத்துக்கு வைத்தோம். பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினோம். எங்களில் ஒருவருக்கு அது பெரிய தியாகம்தான்; பேஸ் அடிக்காத பாட்டு அவனுக்குப் பாட்டே இல்லை. பெயர் சொல்லவில்லை.

அதே பாட்டைத் திரும்பப் போட்டோம். உம்மும்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது சரணத்தில் உதடு அசைந்தது. பாட்டுக்கு ஒரு சொல் முன்னால் போய்க்கொண்டிருந்தா.

இப்போது அசருக்குப் பிறகு முன்னறையில்தான் எல்லோரும். பாங்கு கேட்டதும் "நிப்பாட்டு" என்று முதலில் சொல்வது அவதான். கச்சான் காற்றுக் காலத்தில் உப்பு ஏறி வயர் நுனி கறுத்துவிடும். மாதம் ஒருமுறை வெட்டிச் சீவிப் பூட்டுகிறோம். போன வாரம் அந்த வேலையை முடித்து எழும்பும்போது உம்மும்மா கேட்டா: "இத எங்கயும் தூக்கிட்டுப் போகலாமா?"

தூக்கிப் பார்த்தோம். இரண்டு பேர் வேண்டும்.