ஆறாம் வகுப்புக் கணக்கு

ஜூன் மாதம் வந்தால் தொட்டியம் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மஞ்சள் வேன்கள் ஓட ஆரம்பித்துவிடும். தனியார் பள்ளிகளுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டம் பக்கத்திலேயே இருக்கிறதே!

அரசு நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தால் எல்லோரும் இந்த வேன்களைத்தான் கைகாட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான். பிறக்கும் குழந்தைகளே குறைவு. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான்.

எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போகும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் இருந்தால் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டே பேர்! அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வேன் ஏறுவார்கள்.

ஆனால் ஆறாம் வகுப்பு வேறு கதை. 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கும், 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் அடிப்படை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிப் படிப்பு. (பின்னதில் உதவி பெறும் பள்ளிகளும் பிறகு சேர்ந்தன.) மாணவர் சேர்க்கை ஊர்வலங்களோ பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பையே குறிவைக்கின்றன. தனியாரில் ஐந்தாவது முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக் கதவையும் தட்டலாம். எட்டாவதுக்குப் பிறகு எந்தப் பள்ளி என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அம்மாக்கள் முதலில் கேட்பது அதைத்தான்.