கரடி எறிந்த கல்

பிரெஞ்சில் 'கரடியின் கல்' என்று ஒரு வழக்கு உண்டு. நல்லது செய்யப் போய்க் கெடுதலில் முடிந்தால் அப்படிச் சொல்வார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லா ஃபொந்தேன் கதைகள் பாடமாக இருந்தன. அதில் ஒரு கிழவருக்கும் கரடிக்கும் சிநேகம். தூங்கும் கிழவரின் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்ட, கரடி ஒரு பெரிய கல்லைத் தூக்கிப் போடும். ஈயும் போச்சு, கிழவரும் போனார். 1678-இல் வெளிவந்த கதை. நம் பஞ்சதந்திரத்தில் கரடிக்குப் பதில் குரங்கு, கல்லுக்குப் பதில் வாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிஜத்தில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். மனிதனின் பாசம்தான் கரடிக்குக் கல்லாகிறது.

அருணாசலப் பிரதேசத்தில் வேட்டையில் தாயை இழந்த குட்டிகளை ஊருக்குள் கொண்டுவந்து செல்லமாக வளர்ப்பது உண்டு. வளர்ந்த பிறகு வீட்டிலும் வைக்க முடியாது, காட்டிலும் பிழைக்கத் தெரியாது. இப்படிப்பட்ட குட்டிகளுக்காகத்தான் பக்கே புலிகள் காப்பகத்தில் 2002-இல் ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவும் மாநில வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. அங்கே வருபவை நெஞ்சில் வெள்ளைப் பிறை உள்ள ஆசியக் கருங்கரடிகள். நம் கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் நுழையும் கரடி வேறு இனம்.

முதலில் புட்டிப்பால். கொஞ்சம் வளர்ந்ததும் பராமரிப்பாளர் ஒருவர் தினமும் குட்டிகளோடு காட்டுக்குள் நடப்பார். மரம் ஏறுவது, எறும்பைத் தேடுவது, பழம் பொறுக்குவது எல்லாம் குட்டிகளே பழகிக்கொள்ள வேண்டியவை. அவர் துணைக்கு மட்டும்தான். ராத்திரி பத்திரமாகக் கூண்டில் தங்கும். நாளாக ஆக அவை தூரம் போகும், ஒருநாள் திரும்பாது. சிலவற்றுக்கு ரேடியோ பட்டை கட்டிக் கண்காணிப்பார்கள். வேறு ஆட்களை அருகில் விடுவதில்லை. மனிதன் என்றாலே பால் கொடுப்பவன் என்று பழகிவிட்டால், நாளைக்குத் துப்பாக்கிக்காரன் எதிரிலும் போய் நிற்குமே!

இங்கே கணபதியில் எங்கள் தெருவில் ஒரு அம்மா, தென்னையிலிருந்து விழுந்த அணில் குஞ்சுக்கு இங்க் ஃபில்லரில் பால் கொடுத்து வளர்த்தார். "என் தோள விட்டு எறங்கவே மாட்டேங்குதுங்க" என்று பெருமையாகச் சொல்வார். அது எதற்கும் பயப்படாமல் வளர்ந்தது. ஒருநாள் பூனை பக்கத்தில் வந்தபோதும் ஓடவில்லை. அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அரசாங்க எழுத்தராக இருந்தவன் நான். எதைக் கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு கேட்டே பழக்கம். பக்கேயில் குட்டியோடு நடப்பவருக்கு யார் ஒப்புகை தருவார்கள்? அது திரும்பி வராததுதான் ஒப்புகை. அந்த உத்தியோகத்துக்கு எனக்கு மனத்தெம்பு இருந்திருக்குமா, சந்தேகம்தான்.

உங்கள் வாசலில் அணில் குஞ்சு விழுந்தால் உடனே கையில் எடுத்துவிடாதீர்கள். பூனை, நாய் வராமல் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். பல சமயம் தாயே வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.