புருனோவின் காலடியில் ஒரு காய்கறிச் சந்தை

ரோமில் ஒரு பழைய சதுக்கத்துக்குள் நுழைந்தால் கண் தானாகவே தேவாலயத்தைத் தேடும். காம்போ தே ஃபியோரியில் தேடினால் கிடைக்காது. நாலா பக்கமும் காவியும் மஞ்சளுமாகக் காரை பெயர்ந்த வீடுகள். நடுவில் காய்கறிச் சந்தை. கடைகளின் குடைகளுக்கு மேலே, முக்காடிட்ட ஒரு வெண்கல மனிதர்: ஜியோர்டானோ புருனோ. 1600 பிப்ரவரி 17 அன்று இங்கேதான் அவரை உயிரோடு எரித்தார்கள்.

நான் போனதும் ஒரு பிப்ரவரியில்தான். ஆர்ட்டிசோக் பருவம். கடைக்காரர்கள் நின்றபடியே சிறு கத்தியால் முற்றிய இதழ்களைச் சீவிச் சீவி, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் போடுகிறார்கள், போடாவிட்டால் கறுத்துவிடும். பக்கத்திலேயே புந்தாரெல்லே என்ற கீரைத்தண்டு. மெல்லிய கீற்றாக நறுக்கிக் குளிர்ந்த நீரில் இட்டால் சுருண்டுகொள்கிறது. நெத்திலி, பூண்டு, வினிகர், ஆலிவ் எண்ணெய் கலந்து பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். அதன் இளங்கசப்பு நாக்கில் வெகுநேரம் நின்றது.

இந்தச் சந்தை 1869இல் பியாத்சா நவோனாவிலிருந்து இங்கே மாறி வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இது வியாபாரிகளின் இடம்தான். சுற்றியுள்ள சந்துகளின் பெயர்களைக் கேட்டாலே தெரியும்: சட்டை தைத்தவர்களின் ஜூப்போனாரி, தொப்பிக்காரர்களின் காப்பெல்லாரி, பெட்டி செய்தவர்களின் பவுல்லாரி, குறுக்குவில் செய்தவர்களின் பாலெஸ்த்ராரி. யாத்ரீகர்களும் வணிகர்களும் தங்கிய விடுதிகள் நிறைய இருந்தன. போப் ஆறாம் அலெக்சாண்டரின் பிள்ளைகளைப் பெற்ற வன்னோத்சா காத்தனெய் இங்கே விடுதிச் சொந்தக்காரி. எப்போதும் கூட்டம் இருக்கும் இடம். அதனால்தான் பலர் பார்க்கத் தண்டனை கொடுக்கவும் இதையே தேர்ந்தெடுத்தார்கள்.

புருனோ நேப்பிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள நோலா ஊர்க்காரர். தொமினிக்கன் துறவியாக இருந்து மடத்தை விட்டு ஓடி, ஜெனீவா, பாரிஸ், லண்டன், பிராங்க்பர்ட் என்று அலைந்தவர். விண்மீன்களெல்லாம் சூரியன்களே, அவற்றைச் சுற்றியும் உலகங்கள் உண்டு, பிரபஞ்சத்துக்கு எல்லையே இல்லை என்று எழுதினார். 1592இல் வெனிஸில் பிடிபட்டார். அடுத்த ஆண்டு ரோமுக்குக் கொண்டுவந்து, ஏழாண்டு சிறையில் வைத்து விசாரித்தார்கள். விஞ்ஞானத்துக்காகவே உயிர்விட்டவர் என்று அவரைச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். திரித்துவம், கிறிஸ்துவின் தெய்வத்தன்மை பற்றிய அவருடைய ஐயங்களும் குற்றச்சாட்டுகளில் இருந்தன. அதனால் அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. மனதில் நினைத்ததற்காக ஒருவரைக் கொன்றிருக்கிறார்கள். கடைசி நேரத்தில் பேசிவிடக் கூடாதென்று நாக்கையும் கட்டித்தான் அழைத்துவந்தார்கள்.

1870இல் ரோமில் போப்பின் ஆட்சி முடிந்திராவிட்டால் இந்தச் சிலை வந்திருக்காது. எத்தோரே ஃபெர்ராரி வடித்த சிலையை 1889 ஜூன் 9 அன்று திறந்தார்கள். போப் பதின்மூன்றாம் லியோ கடுமையாக எதிர்த்தார். பீடத்தில் யான் ஹுஸ், செர்வெட்டஸ், கம்பனெல்லா என்று திருச்சபையோடு மோதிய வேறு சிலரின் முகங்களும் உண்டு. சிலைக்காக இங்கிருந்த பழைய நீரூற்றை அப்புறப்படுத்தினார்கள். சந்தை அசையவில்லை. அது நல்லதாயிற்று. கூட்டத்தை அச்சுறுத்த நெருப்பு மூட்டிய இடத்தில், யாருக்கும் அஞ்சாமல் சனங்கள் சத்தமாக விலை பேசுகிறார்கள். புருனோவுக்கு இதைவிட மரியாதை என்ன செய்ய முடியும்?

ஆனால் காய்கறிக் கடைகளைவிட, பயணிகளுக்கான வண்ண வண்ணப் பாஸ்தா பொட்டலங்களும் மசாலாத் தூள்களும்தான் இப்போது அதிக இடம் பிடித்திருக்கின்றன. ஆர்ட்டிசோக் சீவுகிற கைகள் இங்கிருந்து போய்விடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். மதியத்துக்குமேல் கடைகளைக் கட்டிவிடுவார்கள்; பிறகு இரவு வரை மதுக்கடைகளின் ஆட்சி.

கடைகள் அகன்ற பிறகுதான் தரையில் பதித்த ஒரு கல் கண்ணில் பட்டது. 1553 செப்டம்பர் 9 அன்று, யூதர்களின் வீடுகளிலிருந்து பறித்து வந்த தல்மூத் நூல்களை இங்கே குவித்துக் கொளுத்தினார்கள். புருனோவுக்கு 46 ஆண்டுகளுக்கும் மேல் முந்திய நெருப்பு. அதை நினைவூட்டும் கல் 2011இல்தான் வந்தது. தரையோடு தரையாக இருப்பதால் பெரும்பாலோர் மிதித்துக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பிப்ரவரி 17லும் சிலையடியில் மலர்வளையம் வைக்க வருகிறவர்கள் இந்தக் கல்லுக்கும் ஒரு பூ வைக்கலாம். பூக்கடைகள் அதே சதுக்கத்தில்தான் இருக்கின்றன.